கடலுக்குப் போக ஒரு பெட்டிப் பூட்டு

என் மாமியார் தன் வீட்டைப் பூட்டுகிற பூட்டு என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. பயணப் பெட்டியின் ஜிப்பில் மாட்டிக்கொள்ள, பெட்டி விற்கிறவர்கள் இலவசமாகத் தருவது. அதன் சாவியைக் குண்டூசிக்கு அண்ணன் என்று சொல்லலாம். கதவோ சுரங்கக் கம்பெனி காலத்துக் கதவு. அதைத் தள்ளித் திறக்கவே தோள் வேண்டும். அந்தக் கதவில் இந்தப் பூட்டு தொங்குவதைப் பார்த்தால், பயில்வான் மூக்கில் யாரோ விளையாட்டுக்கு மூக்குத்தி குத்திவிட்டதுபோல இருக்கும். யாராவது பலமாகத் தும்மினால் திறந்துகொள்ளும் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்க வைப்பேன். பூட்டு என்னுடையது என்பதால் அந்தச் சிரிப்பிலும் எனக்குப் பங்கு உண்டு. அது என் பெட்டியிலிருந்து அந்தக் கதவுக்கு இடம்மாறிய கதையைச் சொல்ல வேண்டுமென்றால், நாங்கள் கடலோரமாகக் காரில் போய்க் குதிரேமுக் தேசியப் பூங்காவைப் பார்த்துவர யோசனை செய்த கோடையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கோலார் தங்கவயலில், அதாவது கேஜிஎஃப்பில், யாரும் சும்மா ஒரு ஊருக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. போகாமல் இருக்கிறோம் என்று அர்த்தமில்லை. என்னையே எடுத்துக்கொண்டால், என் இளமை முழுவதும் பெங்களூர் ரயிலில்தான் கழிந்தது. மீதி இருந்ததைப் பங்காருபேட்டை ஸ்டேஷனில் தாமதமான ரயிலுக்காகக் காத்திருந்து கழித்தேன். ஆனால் அதெல்லாம் வேலைக்கு. திருப்பதிக்குப் போவோம், வேண்டுதல் இருக்கும். பக்கத்து லைன் (சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லைன் என்போம்) கிறிஸ்தவர்கள் வேளாங்கண்ணிக்குப் போவார்கள், அவர்களுக்கும் வேண்டுதல்தான். வேலூருக்குப் போனால் ஆஸ்பத்திரி. குடியாத்தம், ஆம்பூர் பக்கம் போனால் கல்யாணமோ சாவோ. ஒரு இடம் அழகாக இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று பை தூக்கியவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. அப்படி யாராவது தூக்கியிருந்தால் பெரியவர்கள் அவருக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

அப்படிப்பட்ட குடும்பத்தில்தான் அத்தை (மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே ஆரம்பித்தார். மாமா, அதாவது என் மாமனார், இறந்தது அதற்கு முந்தைய ஆடியில். சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு அந்தத் தூசு மட்டும் அவருடைய நெஞ்சில் ஷிஃப்ட் முடியாமல் வேலை செய்துகொண்டிருந்தது. பல வருஷம் கட்டிலில் இருமிக் கிடந்து, பிறகு போய்ச் சேர்ந்தார். அவர் போன பிறகு அத்தை எதற்கும் வாயைத் திறந்து ஆசைப்பட்டு நான் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மாப்ள, ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் ஆறு, நடுவுல ரோடு. அப்படி ஒண்ணு கீதாமே?"

பக்கத்து வீட்டுப் பெண் போனில் காட்டியிருக்கிறாள். மரவந்தே என்று உடுப்பிக்கு மேலே ஒரு ஊர். இருக்கிறது என்றேன்.

"அங்கருந்து மல மேல போனா குதிரேமுக்குன்னு காடாம். அங்கயும் மைன் இருந்துச்சாம். இரும்பு மைன். காடு கெட்டுப்போவுதுன்னு சொல்லி மூடிட்டாங்களாம்." கையில் இருந்த புளியைக் கீழே வைத்தார். "நம்மளுத நஷ்டம்னு மூடனாங்க. அவங்களுத காட்டுக்காவ மூடிக்கிறாங்க. அப்படி மூடனா ஊரு எப்படி இருக்குதுன்னு நான் பாக்கணும்."

வாசலுக்கு வெளியே, வீட்டுக் கூரைகளுக்கு மேலே, சயனைடு டம்ப் தெரிந்துகொண்டிருந்தது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் அது. வெள்ளையாக, குன்று குன்றாக இருக்கும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து மலை என்பார்கள். காற்றடித்தால் கொடியில் காயும் துணியெல்லாம் பவுடர் பூசிக்கொள்ளும். அத்தை பிறந்ததிலிருந்து பார்த்த மலை அது ஒன்றுதான்.

நான் உடனே வேலையில் இறங்கினேன். எனக்கு எந்தக் காரியத்திலும் பிடித்த பகுதி திட்டம் போடுவது. செய்வது வரும்போதுதான் முதுகு வலிக்கும். கார் என்னுடையதுதான். நாலாவது கை மாறி வந்ததால் அதற்கு என்னைவிட அனுபவம் அதிகம். ஹாசன் வழியாகச் சக்லேஷ்பூர், அங்கிருந்து மலைப்பாதையில் இறங்கினால் மங்களூர், பிறகு கடலைத் தொட்டுக்கொண்டே வடக்கே மரவந்தே, திரும்பி வந்து கார்கலா வழியாகக் குதிரேமுக் என்று போனில் விரலால் கோடு போட்டேன். மலைப்பாதையில் நான் கார் ஓட்டியதில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியும். அவள் எங்கள் எல்லோருக்கும் வாந்தி மாத்திரையும் தனக்கு ஒரு ஜெபமாலையும் வாங்கினாள். நாங்கள் இந்துக்கள். கேட்டால், இப்படிப்பட்ட விஷயத்தில் ஒரே சாமியை நம்பி இருக்கக் கூடாது என்றாள்.

திட்டத்தில் ஒரே ஓட்டை, காரணம்தான். ஊர் கேட்குமே. புருஷன் செத்து வருஷம் திரும்பவில்லை, இந்த அம்மா கடல் பார்க்கக் கிளம்பிவிட்டது என்று குழாயடியில் பேசுவார்கள். நகைச்சுவைக்காரனுக்குப் பொய் சொல்வது சுலபம் என்பதால் நான் ஒரு நல்ல பொய்யைத் தயாரித்துக்கொண்டு போனேன்.

"அத்த, மாமாவுக்கு ரொம்ப நாளா கடல் பாக்கணும்னு ஆச இருந்துச்சு, அது நிறைவேறாம போயிட்டாரு, அதுக்காகத்தான் போறோம்னு சொல்லிடலாம். கேக்குறவங்க கண்ணு கலங்கிடும். எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டாங்க."

அத்தை என்னை நிதானமாகப் பார்த்தார். கெட்டுப்போன தேங்காயைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கும்போது அப்படிப் பார்ப்பார்.

"உங்க மாமாவுக்குக் கடலும் ஆச இல்ல, கொளமும் ஆச இல்ல மாப்ள. ரேடியோ, வெத்தல, ஞாயித்துக்கெழமன்னா குடலு கொழம்பு. அவ்ளோதான் அவரு. ஆசப்பட்டது நானு. என் ஆசைய எதுக்கு அவர் பேர்ல எழுதணும்?"

நான் பொய்யைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாளே சின்ன மாமா வந்துவிட்டார். மாமாவின் தம்பி. அவரும் சுரங்கத்தில் இருந்தவர்தான். அடுத்த லைனில் வீடு. குடும்பத்தில் எது நடந்தாலும் அது ஏன் நடக்கக் கூடாது என்று சொல்கிற பொறுப்பு அவருடையது. நாற்காலியில் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, இன்னாமோ கேள்விப்பட்டேன்."

"இன்னா கேள்விப்பட்ட? சொல்லு, சரியா கீதான்னு பாக்கலாம்."

"அண்ணன் போயி வருசம் திரும்பல. டூரு போறீங்களாமே."

"ஆமா."

அவர் மறுப்பை எதிர்பார்த்துத் தயாராக வந்தவர். ஆமா என்றதும் பிடித்திருந்த கதவு கழன்றுவிட்டதுபோல் ஆகிவிட்டார். நிலைமையைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் குறுக்கே விழுந்தேன். அப்படியே தர்மஸ்தலா, உடுப்பி, கொல்லூர் என்று சாமி கும்பிட்டுவிட்டு வருவோம், கோயில் பயணம் மாதிரிதான் மாமா என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. எதிர்க்க ஒரு வழி கிடைத்த தெளிவு அது.

"மாப்ள, படிச்சவரு நீங்க. வருசம் திரும்பாத வூட்டுல கோயிலுக்குப் போவாங்களா? மல ஏறுவாங்களா? பங்காளிங்க எங்களுக்கே ஆவாது."

நான் தோற்றுப் பின்வாங்கியபோது அத்தை புளிக்கூடையை நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இரு தம்பி. அப்ப கோயிலுக்குப் போவக் கூடாது."

"கூடாது."

"மலன்னா, கோயிலு கீற மலதானே?"

"ஆமா. மொட்ட மலைக்கு எவன் போவான்?"

"நேத்திக்கடன்?"

"கூடாது."

"கல்யாணம், காதுகுத்து?"

"கூடவே கூடாது அண்ணி."

"கடலப் பாக்கலாமா?"

சின்ன மாமா கதவிலிருந்து கையை எடுத்துத் தலையைச் சொறிந்தார். அவருக்குத் தெரிந்த எல்லாப் பெரியவர்களும் அவர் மனதில் வரிசையாக வந்து, தங்களுக்கும் தெரியவில்லை என்று கையை விரித்துவிட்டுப் போனதை என்னால் முகத்திலேயே பார்க்க முடிந்தது.

"அதப் பத்தி யாரும் சொல்லல," என்றார் கடைசியில்.

"அப்ப சரி. டீ குடி."

இத்தனை வருஷமாக நாங்கள் சேர்த்துவைத்திருந்த நல்ல காரணங்கள் எல்லாவற்றுக்கும் தடை இருந்தது. காரணமே இல்லாமல் போவதை மட்டும் தடுக்க வேண்டும் என்று எங்கள் முன்னோர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவம், அப்படி ஒருத்தி கிளம்புவாள் என்று அவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

சின்ன மாமா டீயைக் குடித்தார், ஆனால் விடவில்லை. ஆடி வரைக்கும் பொறுத்தால் வருஷம் முடிந்துவிடும் என்றார். ஆடியில் அங்கே மழை, மலை சரியும் என்றார் அத்தை. அப்படியென்றால் அடுத்த கோடை என்றார் அவர்.

"அடுத்ததுன்னு சொல்றதெல்லாம் நான் கேட்டு முடிச்சாச்சு தம்பி."

"ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும். பேசி முடிச்சதும் இன்னா பேசுச்சுன்னு எனக்கு வந்து சொல்லு."

ஊர் பேசத்தான் செய்தது. அத்தை மாறவில்லை. பூதிகோட்டையில் இருந்த ஒரு சொந்தக்காரி போன் செய்து அழுதாள். அத்தை அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, வழிக்கு முறுக்கு சுட்டு அனுப்ப முடியுமா என்று கேட்டார். அவளும் அனுப்பினாள்.

கிளம்புகிற காலை வந்தது. புளிசாதம், தண்ணீர், மாத்திரை, ஜெபமாலை எல்லாம் காரில் ஏறிவிட்டன. மனைவி ஏறிவிட்டாள். நான் கண்ணாடியைச் சரிசெய்து, ஓட்டத் தெரிந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அத்தை வெளியே வந்து கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு அங்கேயே நின்றார். வெகு நேரம் நின்றதால் நான் இறங்கிப் போனேன்.

"பூட்டு எங்க, அத்த?"

"இல்ல மாப்ள."

தொலைந்துவிட்டதா என்று கேட்டேன். இந்த வீட்டில் பூட்டே கிடையாது என்றார். கொண்டியைப் பார்த்தேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு அடித்த பச்சைப் பெயின்ட் அதன்மேல் அடுக்கடுக்காக ஏறி, கொண்டியும் மரமும் ஒன்றாகிவிட்டிருந்தன. நான் அந்த வீட்டு மாப்பிள்ளையாகிக் காலம் எவ்வளவோ ஆகிவிட்டது. அந்தக் கதவைப் பூட்டி நான் பார்த்ததே இல்லை என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. எத்தனையோ ஊர்களைத் திட்டத்தில் சேர்த்தவன், வீட்டைப் பூட்ட வேண்டும் என்பதைச் சேர்க்கவில்லை.

மனைவி காரிலிருந்து இறங்கி வந்து சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அத்தை கல்யாணமான புதிதில் பூதிகோட்டையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கிறார். அன்றைக்குச் சுரங்கத்தில் ராக்பர்ஸ்ட். ஆழத்தில் பாறை தானாக வெடித்துச் சிதறுவது. மேலே வீடுகள் ஆடும், அடுக்குப் பாத்திரங்கள் உருளும், லைனில் இருக்கிற பெண்கள் எல்லாம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். அத்தைக்குச் செய்தி எட்டி, கிடைத்த மாட்டுவண்டியிலும் லாரியிலும் ஏறி வந்து ஷாஃப்ட் வாசலில் நின்றிருக்கிறார். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டில் மேலே வந்தவர்களில் மாமா இல்லை. இனி வர ஆளில்லை என்று சொல்லிவிட்டார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால், மாமா தலை முதல் கால் வரை சேற்றோடு பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். முதல் கூண்டிலேயே ஏறி வந்துவிட்டவர். சாவி அத்தையின் இடுப்பில்.

"செத்திருந்தா நேரா ஆஸ்பத்திரிக்குள்ள விட்டிருப்பாங்க," என்றாராம் மாமா. "உயிரோட வந்ததால வெளிய உக்காந்துனு கீறேன்."

அத்தை அந்தப் பூட்டைக் கிணற்றில் போட்டுவிட்டார். ஆள் பூமிக்குள்ளே இருக்கும்போது கதவைப் பூட்டுவதில்லை என்று லைனில் பல பெண்கள் ஏற்கெனவே வைத்திருந்த வழக்கம்தான். அத்தை அதை எல்லோரையும்விட இறுகப் பிடித்துக்கொண்டார். சுரங்கத்துச் சங்கு ஊதினால் காதில் விழாத தூரத்துக்குப் போவதில்லை. போயே ஆக வேண்டிய சாவு என்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்துவிட்டுப் போவார். சுரங்கம் மூடியது. மாமா கட்டிலில் விழுந்தார். அப்போதும் கதவைப் பூட்ட வேண்டியிருக்கவில்லை, ஆள் உள்ளேயே இருந்தார்.

நாங்கள் இப்படி நின்றுகொண்டிருக்கும்போது சின்ன மாமா வந்தார். வழியனுப்ப வந்தாரா, வழிமறிக்க வந்தாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. விஷயம் தெரிந்ததும் அவர் குரல் இளகிவிட்டது.

"இதுக்கு எதுக்கு அண்ணி நிக்கறீங்க? நீங்க வர வரைக்கும் நான் உள்ள படுத்துக்கறேன். பூட்டவே வேணாம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. வெயிலுக்கு முன் பெங்களூரைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அத்தை அவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"வேணாம் தம்பி. இந்த வூட்டுல வர வேண்டிய ஆளு இனிமே யாரும் இல்ல. பூட்டிட்டுத்தான் போவேன்."

நான் காரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து கொண்டியைச் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே கம்பெனிக்காரன் அடித்த சாம்பல் நிறம். கடைசியில் சின்ன மாமாதான் என்னைத் தள்ளிவிட்டு ஒரு கல்லால் நாலு தட்டுத் தட்டினார். கொண்டி முனகிக்கொண்டு அசைந்தது. கடைகள் திறக்கவில்லை. என் பெட்டியில் இருந்த பூட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துச் சின்ன மாமா சொன்னார்:

"மாப்ள, இத எறும்பு கூடத் தெறந்துடும்."

"தெறக்கட்டும்," என்றார் அத்தை. "உள்ள இன்னா கீது? நான் பூட்டறது திருடனுக்கில்ல."

மாட்டினார். குண்டூசிச் சாவியைத் திருப்பினார். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். சாவியைத் தாலி இல்லாத கழுத்துச் செயினில் கோத்துக்கொண்டு காரில் வந்து ஏறி, "போலாம் மாப்ள" என்றார்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலைப்பாதையில் ஒரு டேங்கர் லாரிக்குப் பின்னால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். பின்னால் வந்தவர்கள் எனக்குக் கன்னடத்திலும் மலையாளத்திலும் பல புதிய சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். இறங்க இறங்கப் புழுங்கியது. கீழே போனால் சூடாகத்தானே இருக்கும், இதில் என்ன அதிசயம் என்றார் அத்தை. சுரங்கக்காரர் வீட்டில் அது பாலபாடம். மரவந்தேயில் காரை நிறுத்தினோம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். அத்தை முழங்கால் வரை அலையில் நின்றார். அவர் அழுவார் என்று என் மனைவி புடவைத் தலைப்பைத் தயாராக வைத்திருந்தாள்.

"இவ்ளோ தண்ணிய இங்க சும்மா வச்சிக்கினு, நமக்கு வாரத்துக்கு ஒரு தபா கொழாயில வுடறானுங்க," என்றார் அத்தை. பிறகு ஒரு கை தண்ணீரை அள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க மாமா இந்தக் கடல் மட்டத்துக்கும் ரொம்பக் கீழ போயி வேல பாத்தவரு. சொல்லிச் சொல்லி மீசைய முறுக்குவாரு. மேல இன்னா இருக்குதுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

மறுநாள் குதிரேமுக். காட்டுச் சோதனைச் சாவடியில் நேரம் குறித்து ஒரு சீட்டுக் கொடுத்து, வழியில் நிறுத்தக் கூடாது என்றார் காவலர். நிறுத்த மாட்டோம், ஆனால் மெதுவாகப் போவோம் என்று அத்தை அவருக்குக் கன்னடத்தில் பதில் சொன்னார். மெதுவாகப் போக என்னிடம் சொல்லவே வேண்டியதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்த புல்மலைகளை அத்தை பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு சுரங்கக்காரர்கள் இருந்த ஊர் வந்தது. அங்கே நிறுத்தத் தடையில்லை. வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ். எங்கள் லைன் வீடுகளைவிடப் பெரியவை. பலவற்றின் கதவுகளில் துருப்பிடித்த பூட்டு. சுவர் மேல் பாசி. அத்தை இறங்கி ஒரு வீட்டு வாசல் வரைக்கும் நடந்து போய், அந்தப் பூட்டை விரலால் தொட்டுவிட்டு வந்தார்.

"காட்ட நல்லா வச்சிக்கிறாங்க," என்றார். "ஆளுங்கதான் இல்ல. நம்ம ஊர்ல காடு இல்ல, வேல இல்ல, தண்ணி இல்ல. ஆனா ஆளு கீறோம். மைன மூடிட்டு, வூட்டக் காலி பண்ணிட்டுப் போன்னு சொன்னாங்க. போவலயே."

அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. சீட்டுக் கொடுத்த காவலரிடம் பேசிய அதே குரலில் சொன்னார்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. போன ஞாயிற்றுக்கிழமை மனைவி கொடுத்தனுப்பிய மீன்குழம்புப் பாத்திரத்தோடு, அத்தை வீடு இருக்கிற மைசூர் மைன்ஸ் லைனுக்குப் போனேன். கதவில் அந்தப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டிலும் பூட்டு, அதற்கு அடுத்த வீட்டிலும். வாசல்படியில் சின்ன மாமா வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க அத்த லைன்ல கீற பொம்பளைங்களயெல்லாம் சேத்துக்கினு வேன் வச்சிக்கினு கெளம்பிட்டாங்க மாப்ள."

"எங்க, மாமா?"

"ஏதோ அருவியாம்."

"கோயில் கீதா அங்க?"

"நானும் அதான் கேட்டேன். இருந்தா போயிருக்க மாட்டோம்னாங்க."

அவர் தள்ளி இடம் விட்டார். மடியில் சூடான பாத்திரத்தை வைத்துக்கொண்டு, என் மாமனார் ஒருகாலத்தில் சேற்றோடு உட்கார்ந்திருந்த அதே படியில் உட்கார்ந்தேன். எதிரே டம்ப்பிலிருந்து காற்றோடு தூசு கிளம்பி வந்தது. எனக்குத் தும்மல் வந்தது, பலமாகவே தும்மினேன். திரும்பிப் பார்த்தேன். எழுந்து போய், அத்தை இழுத்ததுபோல இரண்டு தரம் இழுத்தும் பார்த்தேன்.

பூட்டு திறந்துகொள்ளவில்லை.